பொதுக்குளமும் பொது நூலகமும்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் லானோ என்று ஒரு கவுண்டி இருக்கிறது. நம்ம கணக்குல ஒரு சின்னத் தாலுகான்னு வச்சுக்கலாம். மொத்த ஜனமே இருபதாயிரத்துச் சொச்சம். மூணு கிளை நூலகம். 2021 கடைசியில் அந்த நூலகங்களின் அலமாரியிலிருந்து 17 புத்தகங்களைத் தூக்கினார்கள். அதில் ஒன்றின் பெயர் 'சாதி'.

எழுதியவர் இசபெல் வில்கர்சன். பத்திரிகைத் துறைக்கான புலிட்சர் பரிசை 1994ல் வாங்கியவர். அந்தத் துறையில் அதை வாங்கிய முதல் கறுப்பினப் பெண். 2020ல் வந்த இந்தப் புத்தகத்தில் அவர் சொல்வது இதுதான்: அமெரிக்காவில் நிறவெறி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அது மேல்தோல், உள்ளே தாங்கி நிற்கிற எலும்புக்கூடு சாதி. இந்தியா, நாஜி ஜெர்மனி, அமெரிக்கா மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறார். அம்பேத்கர் வருகிறார். 1959ல் கேரளத்துக்கு வந்த மார்ட்டின் லூதர் கிங்கை, தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்திய கதை வருகிறது. கிங்குக்கு முதலில் சுருக்கென்றிருந்ததாம். அப்புறம் யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் அதுதான் என்று ஏற்றுக்கொண்டார்.

ஆக, நம்ம கதையும் சேர்ந்து இருக்கிற புத்தகம். டெக்சாஸ் விவகாரத்துக்கு இங்கே என்ன கூட்டம் என்று வரும்போதே ஒரு தோழர் கேட்டார். அலமாரியிலிருந்து இறக்கப்பட்டதில் நாமும் இருக்கிறோம் தோழர், அதுக்குத்தான்.

எப்படித் தூக்கினாங்கன்னு பார்ப்போம். ஊர்ல சில பேர் பட்டியலோட கவுண்டி அதிகாரிகளிடம் போனார்கள். இதெல்லாம் ஆபாசம், பிள்ளைங்க கெட்டுப்போகும் என்றார்கள். தூக்கப்பட்டதைப் பாருங்க. பாலியல் கல்வி நூல் ஒன்று. மாரிஸ் செண்டாக் செய்த குழந்தைகள் படப்புத்தகம் ஒன்று. குசு விடுவதைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் சில. கு கிளக்ஸ் கிளான் என்கிற வெள்ளை வெறிக் கும்பலின் வரலாறு. அப்புறம் 'சாதி'. குசுவும் சாதியும் ஒரே பட்டியல்ல! (சிரிப்பு) ஆபாசம் என்கிற மூட்டைக்குள்ளே எதை எதை வச்சுக் கட்டுறாங்கன்னு கவனிக்கணும். அந்தப் புத்தகத்தில் சாதியைத் தவிர வேறு ஆபாசம் எதுவும் கிடையாது.

கவுண்டி நிர்வாகம் சொன்ன காரணம் வேற. பழைய புத்தகங்களைக் கழித்தோம், அவ்வளவுதான் என்றார்கள். கிழிந்துபோன, காலாவதியான, யாரும் எடுக்காத புத்தகத்தைக் கழிப்பது எல்லா நூலகத்திலும் உண்டு, அது தேவையும்கூட. ஆனா 2020ல் அச்சான புத்தகம் 2021ல் பழசாயிடுமா? 2021 டிசம்பரில் புத்தகங்களைச் சோதிக்கிறோம் என்று மூணு நாள் நூலகங்களையே மூடினார்கள். இருந்த நூலக ஆலோசனைக் குழுவைக் கலைத்தார்கள். புதுக் குழு போட்டார்கள். புகார் கொடுத்தவங்களே அதில் உறுப்பினர் ஆனாங்க. ஒரு கிளையின் தலைமை நூலகர் ஒரு பெண். புத்தகங்களை எடுக்கமாட்டேன் என்றார். 2022 மார்ச்சில் அவருக்கு வேலை போனது. அவர் வழக்குப் போட்டு, 2025ல்தான் 2,25,000 டாலர் கொடுத்துக் கவுண்டி சமரசத்துக்கு வந்தது. நூலகரைத் திட்டுவது நம்மிடம் ஒரு பழக்கமாகவே இருக்கு. இப்படியும் ஒரு நூலகர் இருந்தார் என்பது பதிவாகட்டும்.

2022 ஏப்ரலில் அந்த ஊர் வாசகர்கள் ஏழு பேர் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு வந்ததும் கவுண்டி ஒரு தந்திரம் செய்தது. கவுண்டியின் வழக்கறிஞரே அந்த 17 புத்தகங்களையும் வாங்கி நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அவை அலமாரிக்குப் போகவில்லை. நூல் பட்டியலில் ஏறவில்லை. நூலகர் மேசைக்குப் பின்னால் இருந்தன. யாராவது வந்து வாயைத் திறந்து கேட்டால் எடுத்துத் தருவோம், ஆகவே தடை எதுவும் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

இதை நான் படிச்சப்போ டெக்சாஸ் மறைஞ்சுபோச்சு. நம்ம ஊர் டீக்கடைதான் கண்ணுல நின்னது. டீ இல்லைன்னு சொல்லல, குடிக்காதேன்னும் சொல்லல. உனக்குன்னு ஒரு கிளாஸ் தனியா கூரையில செருகியிருக்கு, நீயே எடுத்துக் கழுவிக் குடிச்சிட்டு அங்கேயே வச்சிடு. இரட்டைக் குவளைக்கு வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புத்தக வடிவம் இது. பட்டியலில் இல்லாத புத்தகத்தை யார் கேட்பார்? அப்படி ஒன்று இருப்பது தெரிந்தால்தானே கேட்க முடியும்? நூலகத்தின் உயிரே தேடாமல் கண்ணில் படுவதில்தான் இருக்கிறது. சமையல் புத்தகம் எடுக்கப் போன பெண் பக்கத்தில் 'சாதி' என்று முதுகில் அச்சடித்திருப்பதைப் பார்த்து உருவி எடுக்கிறாளே, அந்த ஒரு நொடியைத்தான் மேசைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள்.

2023 மார்ச்சில் மாவட்ட நீதிபதி, புத்தகங்களை அலமாரியில் திரும்ப வை, பட்டியலில் ஏற்று என்று உத்தரவிட்டார். உடனே ஏப்ரலில் கவுண்டி ஒரு சிறப்புக் கூட்டம் கூட்டியது. எதற்கு? நூலகங்களையே இழுத்து மூடிவிடலாமா என்று முடிவெடுக்க! எதிர்ப்பு பலமாக இருந்ததால் கைவிட்டார்கள். ஆனால் அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த நாட்டிலேயே சரித்திரம் இருக்கு. வர்ஜீனியாவில் டேன்வில் என்று ஒரு ஊர். 1960ல் கறுப்பு மாணவர்கள் பொது நூலகத்துக்குள் நுழைந்தார்கள். பாகுபாடு கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. நகர நிர்வாகம் நூலகத்தை மூடியது. சில மாதம் கழித்துத் திறந்தபோது உள்ளே நாற்காலி கிடையாது. நின்னுக்கிட்டு எடுத்துட்டுப் போ. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பெஞ்சில் உட்காராதே என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நாற்காலி விவகாரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

மேல்முறையீட்டில் 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. 17 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 10 பேர் ஒரு பக்கம், 7 பேர் மறுபக்கம். நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவிட்டார்கள் என்று வாசகர் கருத்துச் சுதந்திரத்தின் பேரில் வழக்குப் போட முடியாது என்று 10 பேர் சொல்லிவிட்டார்கள். அதில் 7 பேர் இன்னும் ஒரு படி மேலே போய், நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கணும் என்று தீர்மானிப்பது அரசாங்கத்தின் சொந்தப் பேச்சு என்றார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் இந்த வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி மூணு மாநிலத்துக்கும் இதுதான் சட்டம்.

தீர்ப்பில் ஒரு வாதம் வருகிறது. யாரும் எதையும் தடை செய்யவில்லையே, நூலகத்தில் கிடைக்கவில்லை என்றால் கடையில் வாங்கு, தபாலில் வரவழை, நண்பனிடம் இரவல் கேள் என்கிறது. ரொம்ப நியாயமாத் தெரியும். நம்ம நாட்டு முற்போக்காளர்கள் சிலரே இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்: இன்னைக்கு எல்லாமே செல்போன்லயே கிடைக்குதே, நூலகத்தைப் பிடிச்சுக்கிட்டு ஏன் தொங்கணும்?

தோழர்களே, இந்த வாதத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? மகாத் நகரத்தில் சவுதார் குளம். பொது நிதியில் நடக்கும் குளங்கள், கிணறுகள், பள்ளிகள் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று 1923லேயே பம்பாய் சட்டசபையில் தீர்மானம் ஆகிவிட்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அப்புறம் என்ன நடந்தது? அடி உதை. சாணியும் கோமியமும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அதே வருஷம் நீதிமன்றத்துக்கும் போனார்கள்: இது பொதுக்குளமே இல்லை, எங்கள் சொந்தக் குளம். பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அந்தப் பேச்சு தோற்க 1937 ஆனது. பத்து வருஷம்!

தாகம் தீர்க்க வேற தண்ணியே இல்லாமலா அன்றைக்கு அத்தனை பேர் நடந்து போனார்கள்? வேற கெணறு இருக்கே, அங்கே போயேன் என்பதுதானே ஊர்க்காரனின் காலங்காலமான பதில். லானோ தீர்ப்பு சொல்வதும் அதேதான். பொதுக்குளத்தை இது எங்கள் குளம் என்றான் அங்கே. பொது அலமாரியை இது எங்கள் பேச்சு என்கிறான் இங்கே.

புத்தகத்தைத் தடுப்பதற்கு முன்னால் ஆளையே தடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். 1939 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகர நூலகத்தில் கறுப்பு இளைஞர்கள் ஐந்து பேர் ஒவ்வொருவராகப் போய் உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுத்தார்கள். ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனித்தனி மேசையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் படித்தார்கள். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போனது. சாமுவேல் டக்கர் என்ற கறுப்பு வழக்கறிஞர்தான் பின்னால் இருந்து இதைத் திட்டமிட்டவர். நகரம் என்ன செய்தது? 1940ல் கறுப்பர்களுக்கென்று தனியாக ஒரு சின்ன நூலகம் கட்டிக்கொடுத்தது. தனிக் கிணறு! அந்த நூலகத்தின் அட்டை எனக்கு வேண்டாம் என்று டக்கர் மறுத்து எழுதினார்.

லூசியானாவில் கிளிண்டன் என்ற ஊரில் 1964 மார்ச்சில் நடந்தது இதைவிடக் கூர்மையானது. அங்கே நடமாடும் நூலக வண்டி இரண்டு உண்டு. வெள்ளையருக்குச் சிவப்பு வண்டி, கறுப்பருக்கு நீல வண்டி. ஹென்றி பிரவுன் என்ற இளைஞரும் இன்னும் நான்கு பேரும் கிளை நூலகத்துக்குள் போய், ஆர்னா போண்டம்ப்ஸ் எழுதிய 'நீக்ரோவின் கதை' என்ற புத்தகத்தைக் கேட்டார்கள். நூலகப் பெண் பட்டியலைப் புரட்டிப் பார்த்து, இல்லை, வரவழைத்துத் தருகிறேன், போங்கள் என்றார். அவர்கள் போகவில்லை. பத்துப் பதினைந்து நிமிடம் பேசாமல் அங்கேயே இருந்தார்கள். அமைதியைக் குலைத்ததாகக் கைது. பேசாமல் இருந்ததற்கு அமைதிக் குலைவு! பிறகு புத்தகம் தபாலில் வந்தது. கூடவே ஒரு சீட்டு: தபாலில் திருப்பி அனுப்பு, இல்லையென்றால் நீல வண்டியில் கொடு. 1966ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தண்டனையை ரத்து செய்தது. அந்த லூசியானாவுக்கும் சேர்த்துத்தான் இப்போதைய லானோ தீர்ப்பு.

இனி நம்ம வீட்டுக்கு வருவோம்.

இங்கே புத்தகத்தைப் பறிமுதல் செய்ய அரசாங்கத்துக்குச் சட்டம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துப் பிரிவு. நம்பர்தான் மாறிக்கொண்டே வருகிறது. முன்பு 99ஏ, அப்புறம் 95, இப்போது 2023ஆம் வருஷத்துச் சட்டத்தில் 98. 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் 25 புத்தகங்களை ஒரே உத்தரவில் பறிமுதல் செய்தது இந்தப் பிரிவின் கீழ்தான். கொடுமையான அதிகாரம். ஆனாலும் அதில் ஒரு துவாரம் இருக்கு: உத்தரவை எழுத்தில் போடணும், காரணம் சொல்லணும், இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காட முடியும்.

அந்தத் துவாரத்துக்குள் நுழைந்து ஜெயித்தவர் லலாய் சிங். கான்பூர்ப் பக்கத்து மனிதர். குவாலியர் சமஸ்தானத்தில் போலீஸ்காரராக இருந்தவர். 1967ல் பௌத்தம் தழுவியவர். யாதவ் என்ற சாதிப் பின்னொட்டை உதறியவர். பெரியாரின் இராமாயண ஆய்வை இந்தியில் 1968ல் வெளியிட்டார். 1969 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது. 1971ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. காரணம் எளிமையானது: எதனால் தடை என்று அரசு சொல்லவே இல்லை. அரசு உச்ச நீதிமன்றம் வரை போய் 1976ல் அங்கேயும் தோற்றது. தமிழ்நாட்டுப் பெரியாருக்காக வடக்கில் ஒருத்தர் இத்தனை வருஷம் கோர்ட்டுப் படி ஏறினார். நம்ம மேடைகளில் அவர் பேரைச் சொல்பவர் எத்தனை பேர்?

அடுத்து 'இந்துமதத்தின் புதிர்கள்'. மராட்டிய அரசே 1987ல் அம்பேத்கர் தொகுதிகளில் ஒன்றாக வெளியிட்டது. ராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பகுதியை எடு என்று 1988 தொடக்கத்தில் ரகளை. அமராவதியில் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். அரசு பின்வாங்கப் பார்த்தது. பிப்ரவரியில் தலித் மக்கள் பம்பாயில் கடலாகத் திரண்டார்கள். கடைசியில், இந்தக் கருத்துகளில் அரசுக்கு உடன்பாடில்லை என்ற குறிப்போடு அந்தப் பகுதி நின்றது. குறிப்பு போட்டால் போட்டுக்கட்டும், பக்கம் இருக்கிறதா இல்லையா?

இந்த இரண்டிலும் எதிரி கண்ணுக்குத் தெரிந்தான். உத்தரவு இருந்தது, அதில் கையெழுத்து இருந்தது. நான் பயப்படுவது உத்தரவே இல்லாத தடைக்கு. 2015 ஜனவரியில் 'மாதொருபாகன்' விவகாரத்தில் தடை உத்தரவு ஏதாவது இருந்ததா? கிடையாது. ஆட்சியர் அலுவலகத்தில் சமாதானப் பேச்சு என்று கூப்பிட்டு உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். அந்த ஏற்பாடு செல்லாது என்று 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பெருமாள்முருகனுக்காவது நாடு முழுக்கக் குரல் எழுந்தது. 2014ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் 'ஊரார் வரைந்த ஓவியம்' எழுதியதற்காக ஊர்விலக்கம் செய்யப்பட்ட துரை குணாவுக்கு அந்தக் குரலில் கால்வாசி எழுந்ததா?

நூலகத்தில் இந்தத் தடை இன்னும் சத்தமில்லாமல் நடக்கும். வாங்காமல் விட்டால் போதும். வாங்கியதைப் பிரிக்காமல் கட்டோடு வைத்தால் போதும். நான் போன ஒரு கிளை நூலகத்தில் அம்பேத்கர் தொகுதிகள் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. ஏன் ஐயா என்று கேட்டேன். "வெளிய வச்சா காணாமப் போயிடும் சார்" என்றார். பக்கத்திலேயே துப்பறியும் நாவலெல்லாம் திறந்த அலமாரியில் கிடக்கிறது. காணாமப் போறதுன்னா அதுதானே முதல்ல போகணும்! அந்த மனிதர் கெட்டவர் இல்லை. சாவியைத் தேடி எடுத்து வந்து திறந்தும் கொடுத்தார். ஆனா பள்ளிக்கூடம் விட்டு வருகிற சேரிப் பையன் சாவி கேட்பானா?

அந்த அலமாரி யாருடையது? 1948ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியா விடுதலையானதும் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ரூபாய்க்கு 10 காசு. சேரியில் காங்கிரீட் தொகுப்பு வீட்டுக்கு வரி கட்டுகிற அம்மாவும் அந்தப் பத்துக் காசைக் கட்டுகிறாள். நூலகக் கட்டடம் ஊர்த்தெருவில் இருக்கிறது என்பது வேற விஷயம், அதைப் பேசினா விடிஞ்சிடும். கடையில் 500 ரூபாய் கொடுத்து வாங்கிக்கோ என்று அந்த அம்மாவின் மகளிடம் சொல்வதும் தடை செய்வதும் எனக்கு ஒன்றுதான்.

இப்போ ஒரு கேள்வி வரும். வரணும். "1927 டிசம்பர் 25ல் மனுஸ்மிருதியைக் கொளுத்தினவங்கதானே நீங்க? நீங்க எப்படிப் புத்தகத் தடையை எதிர்க்கலாம்?"

கொளுத்தினோம். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சகஸ்ரபுத்தே, பிறப்பால் பார்ப்பனர். ஆனால் என்ன நடந்தது என்று சரியாகப் பாருங்கள். தங்கள் கையிலிருந்த ஒரு பிரதியை, எல்லோரும் பார்க்க, காரணம் சொல்லிக் கொளுத்தினார்கள். அது ஒரு பேச்சு. யாருடைய அலமாரியிலிருந்தும் பிடுங்கவில்லை, யாரும் படிக்கக் கூடாது என்று ஆணை கேட்கவில்லை. கொளுத்திய அதே அம்பேத்கர் அப்புறம் சூத்திரர்கள் யார், தீண்டப்படாதோர் யார் என்று எழுதிய ஆய்வுகளில் மனுவை வரி வரியாகப் பிரித்துப் போட்டார். படிக்காமல் அதைச் செய்திருக்க முடியுமா? மனு நூலகத்தில் இருக்கட்டும். நம்ம பிள்ளைகள் அதைப் படிக்கத்தான் வேண்டும். பக்கத்து அலமாரியில் அம்பேத்கர் பூட்டில்லாமல் இருக்கட்டும், அது போதும்.

நம் இயக்கத்துக்குள்ளேயே இதை ஏற்காத தோழர்கள் உண்டு. நம்மை இழிவு செய்கிற நூல்களை நூலகத்திலிருந்து அகற்றச் சொல்லி மனுக் கொடுக்கணும் என்கிறார்கள். கோபம் நியாயம்தான். 2012ல் சங்கரின் 1949ஆம் வருஷத்துக் கேலிச்சித்திரம், அம்பேத்கரை நத்தை மேல் உட்காரவைத்து நேரு சாட்டையோடு நிற்கிற அந்தப் படம், பதினோராம் வகுப்புப் பாடநூலில் இருந்ததை எடு என்று கேட்டோம். எடுக்கப்பட்டது. அதைக் கேட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். பாடநூல் கட்டாயம். வகுப்பில் மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்க, நம்ம பிள்ளை எழுந்து வெளியே போக முடியாது. நூலகம் அப்படி இல்லை. பிடிக்கலன்னா மூடி வச்சிட்டு வேறொன்றை எடுக்கலாம். சங்கரின் சித்திரத் தொகுப்பை நூலகத்திலிருந்து எடு என்று யாராவது கேட்டால் நான் எதிர்ப்பேன். பாடநூல் ஆலோசகராயிருந்த பேராசிரியர் சுகாஸ் பல்ஷிகரின் புனே அலுவலகத்தை அடித்து நொறுக்கியதையும் எதிர்க்கிறேன். புத்தகத்தை எடு என்று நாம் ஒரு மனு எழுதினால் அந்தக் காகிதத்தை மாதிரியாக வைத்துக்கொண்டு அவர்கள் நூறு எழுதுவார்கள். அவர்களிடம் ஆள் இருக்கு, அதிகாரி இருக்கார், கலெக்டர் ஆபீசில் நாற்காலியும் இருக்கு.

செய்ய வேண்டிய வேலையைச் சொல்லி முடிக்கிறேன். லானோவில் வாசகர்கள் ஏழு பேர்தான். இங்கே இந்த அறையில் முப்பது பேருக்கு மேல் இருக்கோம். ஆளுக்கொரு கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எடுத்துக்குவோம். உறுப்பினர் ஆகாதவர்கள் முதலில் ஆகணும். அம்பேத்கர், அயோத்திதாசர், பெரியார், நம்ம தலித் எழுத்தாளர்கள் புத்தகம் என்னென்ன பதிவேட்டில் இருக்கு, அதில் எத்தனை அலமாரியில் இருக்கு, எத்தனை பீரோவில், எத்தனை கட்டுப் பிரிக்காமல் என்று எழுதிக்கொண்டு வரணும். காட்ட மறுத்தால் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாயோடு மனுப் போடலாம். இல்லாத புத்தகத்தை வாங்கச் சொல்லி எழுத்தில் கேளுங்க. வாயால கேட்டா காத்தோட போயிடும். நூலகரோடு சண்டை வேண்டாம், அவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்தான். அவரை நம்ம பக்கம் இழுக்கணும். அடுத்த மாதம் இதே இடத்தில் கூடும்போது பட்டியல்களோடு வாங்க. கிழக்குப் பக்கத்து மூணு நூலகத்துக்கு இன்னும் ஆள் வரல. போகிறவர்கள் இப்போதே பெயர் கொடுத்துட்டுப் போங்க.